முன்னறைக்கு ஒரு முகவரி

ஏற்காடு பக்கம் தலைச்சோலையில் இருக்கும் தன் வீட்டு முன்னறையை உலகத்துக்குத் திறந்துவிடுவது என்று மாதேஸ்வரன் தீர்மானித்தார். உலகத்துக்கு இது இன்னும் தெரியாது. மனைவி கலாவதிக்குத் தெரிந்துவிட்டது.

பூனாவில் இருபத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் காப்பித் தோட்டத்துக்குத் திரும்பியவர் அவர். முன்னறை ஜன்னலைத் திறந்தால் மூடுபனி சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். இதை ஒரு வெப்சைட்டில் போட்டால் லண்டனிலிருந்துகூட ஆள் வந்து தங்கும் என்பது அவருடைய 1999-ஆம் வருஷத்துக் கனவு.

கலாவதிக்கும் அதே அறைமேல் கண். ஏற்காட்டு ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைப்பவள். தையல் மிஷின் சமையலறையில் கிடந்தது. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் சாம்பார் வாசத்தோடு பள்ளிக்கூடம் போயின.

"ஏனுங்க, சண்டை எதுக்கு? வெளியூர்ல இருந்து யாருக்கு மொதல்ல ஆள் வருதோ, அவங்களுக்கு ரூம்," என்றாள் கலாவதி.

"உனக்கு வெளியூர் ஆள் எப்படிப் புள்ள வரும்?" என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

வெப்சைட் அந்தரத்தில் நிற்காது. அதைக் குடிவைக்க ஏதாவது ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் தூங்கவே கூடாது. எங்கோ ஒரு குளிர்ந்த அறையில், கண் மூடாமல் தன் வீட்டை ஏந்திக்கொண்டிருக்கும் எந்திரத்தை நினைத்தபோது அவருக்குக் கண் சொக்கியது. சொக்கியபடியே தை மாதம் போனது.

மாசியில் பரீட்சை வைத்தார். இடம் வாடகைக்கு விடும் மூன்று கம்பெனிகளைப் பொறுக்கி எடுத்து, விடியற்காலை ஆறு மணிக்கு மூன்றுக்கும் போன். பெங்களூரில் யாரும் எடுக்கவில்லை. மெட்ராஸில் பாட்டு மட்டும் பாடியது. சேலத்தில் ஆரோக்கியதாஸ் என்பவர் கொட்டாவியோடு, "சொல்லுங்க சார்" என்றார்.

"இவன்தான்!" என்று துள்ளினார் மாதேஸ்வரன்.

"வாடகைக்கு ஊடு பாக்கறவங்க ஊட்டுக்காரரை மட்டும் கேட்டாப் போதுமாங்க?" என்றாள் கலாவதி. "ஏற்கெனவே குடியிருக்கறவங்களைக் கேளுங்க."

கேட்டார். அங்கே ஏற்கெனவே வெப்சைட் வைத்திருந்த செவ்வாப்பேட்டைக் கொலுசு வியாபாரி, "ரெண்டு வருஷமா ஒரு நாள்கூட நின்னதில்லீங்க" என்றார்.

அப்படியும் மனசு ஆறவில்லை. கரண்ட் போனால்? இடி விழுந்தால்? ஒயரை எலி கடித்தால்? எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் கேட்டார். எல்லாவற்றையும் இன்னொரு ஊரில் நகல் எடுத்து வைத்திருக்கிறோம் என்று ஆரோக்கியதாஸ் எழுதிக் கொடுத்தார். எலிக்குத் தனியாக ஒரு தாளே வந்தது. பங்குனிக் கடைசியில் இடம் உறுதியாயிற்று.

இனி அதில் எழுத வேண்டியதுதான் பாக்கி. காப்பிப் பூ வாசம் வீசும் காலைகளில் மாதேஸ்வரன் முன்னறையில் அமர்ந்து, 'பனி' என்று எழுதுவார். ஜன்னலைப் பார்ப்பார். அடிப்பார். 'மூடுபனி' என்று எழுதுவார். மறுபடி ஜன்னல். கலாவதி காப்பி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவாள். நல்ல மனைவி என்று நினைத்துக்கொள்வார்.

சித்திரைக் கடைசியில் மூன்று பக்கம் தேறியது. பஸ் பிடித்து மலைப்பாதையின் இருபது வளைவும் இறங்கி, சேலத்தில் ஆரோக்கியதாஸ் மேஜைமேல் வைத்தார்.

"இது எதுக்குங்க சார்? சைட் மூணு வாரமா ஓடுதே!" என்று அவர் திரையைத் திருப்பினார்.

'கலாவதி டைலர்ஸ், தலைச்சோலை. உங்கள் பிள்ளை ஏற்காட்டு ஹாஸ்டலில் வளர்ந்துகொண்டிருக்கிறான். கால்சட்டை வளரவில்லை. எழுதுங்கள், நாங்கள் போய் அளவெடுத்துத் தைத்துத் தருகிறோம்.'

"இடம் காலியாக் கெடக்குதுன்னு போன் பண்ணினேன். அக்காதான் எடுத்தாங்க. சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டேன். மஸ்கட்டு, கோலாலம்பூர்னு இதுவரைக்கும் ஈ-மெயில்ல ஏழு கடிதம். எல்லாத்தையும் போன்லயே வாசிச்சுக் காட்டிட்டேன்."

வீடு திரும்பியபோது முன்னறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த பனி, உட்கார நாற்காலி இல்லாமல் ஒரு சிறிய கால்சட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

"ஏம்புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தானுங்க வந்தேன். நாலு தடவை. நீங்க பனியில இருந்தீங்க."

"அது என் வெப்சைட்டு!"

"உங்களுதுதான். ஆரு இல்லீங்கறா? எடத்தை நொம்பப் பொறுக்கிப் புடிச்சிருக்கறீங்க. ஏழு கடுதாசியில ஒண்ணு தவறலை. வேற ஆருக்கு இப்படிப் பாக்கத் தெரியும்?"

மாதேஸ்வரனுக்குக் கோபம் பாதி இறங்கியது. மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. "பொறுமையாப் பாக்கோணும் புள்ள. அதான் ரகசியம்."

"அதேதானுங்க. இப்போ பொத்தானுக்கு நல்ல கடை ஒண்ணு வேணும்."

"விடு, நான் பாக்கறேன். சேலத்துல ஒரு ஏழெட்டுக் கடை..."

"கடையை நான் பாத்துட்டேன்," என்று ஒரு சீட்டை நீட்டினாள் கலாவதி. "நீங்க போய் வாங்கிட்டு மட்டும் வாங்க."