குளுக்கோஸ் பாட்டிலுக்கு ஒரு ஜாக்கெட்

தாம்பரத்து வெயிலோடு சண்டை போட்டு ஜெயித்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். முக்காடு சிஸ்டர்!

ஆஸ்பத்திரி நர்ஸ். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். குளுக்கோஸ் பாட்டிலில் வைட்டமின் மருந்தை ஊசியால் ஏற்றி, அது மஞ்சளானதுமே ஒரு கறுப்பு உறையை முக்காடுபோல மாட்டிவிடுவார். பழைய குடைத் துணியில் தைத்தது. கேட்டால், "வெளிச்சம் பட்டா வைட்டமின் செத்துப்போயிடும் சார்" என்பார், ஏதோ உறவுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

முதல் உறை தைக்கக் குரோம்பேட்டை டெய்லரிடம் போனாராம்.

"ஜாக்கெட் குழந்தைக்கா சிஸ்டர்? கை வைக்கணுமா?"

"குளுக்கோஸுக்கு. கை வேணாம். தலைகீழாத் தொங்கும், கழுத்துல சுருக்குக் கயிறு மட்டும் போதும்."

எழுபதுகளில் சைக்கிளிலிருந்து விழுந்து, உடைந்த காலோடு நான் அந்த வார்டில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் கோவளத்து மீனவர் ஒருவர். குடலில் ஆபரேஷன். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. நரம்பில் இறங்குவதுதான் சாப்பாடு. ஆள் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி அஞ்சலை மீன் விற்பவள். வெள்ளை பாட்டில் வெறும் தண்ணீர், மஞ்சள் பாட்டில்தான் சத்து என்பது அன்றைக்கு வார்டுக்கு வருகிற எல்லோருக்கும் வேதம். அந்த மஞ்சளையே மூடினால் சும்மா இருப்பாளா?

"இன்னா சிஸ்டர் இது? சத்து கண்ணுல பட்டாத்தானே மனசு ஆறும்? கறுப்புத் துணியப் போத்தி எமனுக்கு அடையாளம் காட்டிகினு கீறியே!"

உறையைப் பிடுங்கி என் மாவுக்கட்டின் மேல் வீசினாள்.

சிஸ்டர் உறையை எடுத்து உதறினார். மிச்சம் மீதி குளுக்கோஸை இரண்டு பாட்டிலில் ஊற்றி, ஒரே அளவு மருந்தைக் கலந்து ஜன்னலில் வைத்தார். ஒன்றுக்கு முக்காடு, மற்றது சும்மா. அன்று முழுக்க வார்டே ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தது. எனக்கும் கால்வலி மறந்துபோனது. என்னதான் ஆகும், பார்த்துவிடுவோமே!

சாயங்காலம் முக்காட்டை விலக்கினார். உள்ளே பளிச்சென்று மஞ்சள். வெயிலில் நின்ற பாட்டிலோ வெளுத்துப்போயிருந்தது. அஞ்சலை அதை எடுத்து ஆட்டினாள், திருப்பினாள். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஒரு கத்தல்:

"அடப்பாவி சூரியா! எம் புருசன் சோத்தத் துன்னுட்டியேடா!"

அதற்குப் பிறகு அஞ்சலையின் கெடுபிடிக்குச் சிஸ்டரே தேவலை என்றாகிவிட்டது. உறை சலவைக்குப் போன அன்று, அஞ்சலை முந்தானையை விரித்து ஜன்னலை அடைத்து நின்றாள். பக்கத்தில் சிஸ்டர், குடையோடு.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் திகைத்தார். "என்னம்மா பண்றே?"

"நெழல் குடுத்துகினு கீறேன் டாக்டரு. நீ கொஞ்சம் அந்தாண்ட தள்ளு."

பாவம், டாக்டர் குடைக்கடியில் குனிந்துதான் நாடி பார்த்தார்.

ஒரு காலையில் அந்த மனிதர் வாயால் கஞ்சி குடித்தார். முழுங்கிவிட்டு, "உப்பு பத்தல" என்றார். அஞ்சலை ஓவென்று அழுதாள். சிஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பி, கறுப்பு உறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிழைக்க வைத்தது டாக்டரின் கத்தியா, முக்காடு போட்ட மஞ்சளா? எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்கு யாரைப் பார்க்கப் போனாலும், ஜன்னலோரம் மஞ்சள் பாட்டில் தொங்கினால் வெயிலுக்கும் அதற்கும் நடுவே போய் நின்றுகொள்கிறேன். "உக்காருங்களேன் சார்" என்று நாற்காலி போடுகிறார்கள்.

எப்படி உட்காருவது? முக்காடு சிஸ்டர் சாப்பிடப் போயிருக்கிறார், வருகிறவரைக்கும் யாராவது நிற்க வேண்டாமா?