பொந்து அலுவலகத்தில் ஒரு தேனூர்

ஒரு காட்டில், யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பொந்து தோண்டிக்கொண்ட நல்ல காலம் முடிந்துபோய், பொந்து ஒதுக்கீட்டு அலுவலகம் என்று ஒன்று வந்துவிட்டது. அங்கே கோதண்டம் என்ற கரடி குமாஸ்தாவாக இருந்தது. எந்நேரமும் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே இருக்கும். குனிந்த தலை நிமிராது. இப்படியும் உழைக்கிற பிராணி உண்டா என்று வரிசையில் நிற்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

உழைப்பாவது, ஒன்றாவது. கரடி விளையாடிக்கொண்டிருந்தது. 'தேனூர்' என்று ஒரு விளையாட்டு. திரைக்குள் தேனீக்களை வளர்த்து ஊர் கட்ட வேண்டும். கொஞ்சம் கவனிக்காமல் விட்டால் தேனீக்கள் கோபித்துக்கொண்டு பறந்துவிடும். கோதண்டம் கட்டிய ஊரில் ராணிக்கு அரண்மனையும், குட்டித் தேனீக்களுக்குப் பள்ளிக்கூடமும் வந்துவிட்டன. வாழ்க்கையில் அதற்குப் பிடித்தது அது ஒன்றுதான். யாராவது பின்னால் வந்தால், செங்கமலம் என்ற முயலின் விண்ணப்பத்தை இழுத்துவிட்டுத் திரையை மூடிக்கொள்ளும். மூடுவதற்கு வேண்டுமே என்று அந்த விண்ணப்பத்தை முடிக்கவே இல்லை. அதற்குள் செங்கமலம் இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது, கொட்டுகிற மழையில்.

கம்ப்யூட்டர் பிரிவுக்கு அதிகாரி மரகதவேலு என்ற மரங்கொத்தி. அதற்கு விதி என்றால் உயிர். ஒருநாள் சத்தமில்லாமல் கரடியின் தோளில் வந்து உட்கார்ந்து, தேனூரைப் பார்த்துவிட்டது. கரடி காலில் விழாத குறையாகக் கெஞ்சியது. ராணி முட்டையிடுகிற நேரம், ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தது. மரங்கொத்தி காதில் வாங்கவில்லை. அன்றைக்கே எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் விளையாட்டுகளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. கரடிக்கு அன்று இரவு தேன்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் அலுவலகமே நின்றுபோனது.

காரணம், மரங்கொத்தி முன்பே போட்டிருந்த இன்னொரு விதி. அலுவலக நேரத்தில் யாரும் எதையும் தட்டாமல் கொஞ்ச நேரம் போனால், மின்சாரம் மிச்சமாகட்டும் என்று, எல்லாக் கம்ப்யூட்டர்களையும் இயக்குகிற சர்வர் தூங்கிவிடும். தூங்கினால் எழுப்ப அரைநாள் ஆகும். இத்தனை காலம் அது விழித்திருந்ததே கரடி தட்டிய தட்டில்தான். மற்றவர்களை நம்பி என்ன பிரயோஜனம்? நரி டீக்கடையில் இருக்கும். ஆமை காலையில் ஒரு எழுத்தைத் தட்டினால் அடுத்த எழுத்து சாப்பாட்டுக்குப் பிறகுதான். வரிசை ஆற்றங்கரை வரைக்கும் நீண்டது.

மேலாளர் பெருந்தேவி அம்மாள் என்ற யானை விசாரித்துப் பார்த்து, தேனூரால்தான் அலுவலகமே நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்துகொண்டு கண்கலங்கியது. உடனே உத்தரவு போட்டது: இனிமேல் எல்லோரும் அலுவலக நேரம் முழுக்கத் தேனூர் விளையாட வேண்டும், வேறு எதையும் தொடக்கூடாது. மீறுகிறவர்களைப் பிடிக்கிற பொறுப்பு மரங்கொத்திக்கு.

கரடி முதல் வாரம் தரையில் நடக்கவில்லை. அப்புறம் திங்கட்கிழமைதோறும் மீட்டிங் வைத்தார்கள். போன வாரத்தைவிடத் தேன் ஏன் குறைந்தது என்று விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ராணி எதிர்பார்த்த அளவு முட்டையிடவில்லை என்று கரடிக்கு மெமோ வந்தது. பாவம், அதற்கு ராணியின் முகத்தைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது.

ஒரு மத்தியானம், வேறு வழி தெரியாமல், செங்கமலத்தின் விண்ணப்பத்தை எடுத்து ஒரு கட்டத்தை நிரப்பியது. உடம்பெல்லாம் ஒரு குறுகுறுப்பு. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இன்னொரு கட்டத்தை நிரப்பியது. சாயங்காலத்துக்குள் முயலுக்குப் பொந்து கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து கரடி தேனூரை முன்னால் விரித்து மறைத்துக்கொண்டு, பின்னால் விண்ணப்பங்களை முடித்துத் தள்ளியது. மனசு படபடவென்று அடித்துக்கொண்டது. அத்தனை சந்தோஷமாக அது இருந்ததே இல்லை. ஆனால் பிடிபட்டால் வேலை போய்விடும். கடிதம் டைப் அடித்த உடும்புக்கு அப்படித்தான் போனது.

பிடிபடாமல் இருக்குமா? ஒருநாள் தோளில் நகம் பதிந்தது.

"ஆபீஸ் நேரத்துல ஆபீஸ் வேலை பாக்குறீங்களா, கோதண்டம்?"

கரடி அவசரமாகத் தேனூரை இழுத்துத் திரையை மூடியது. "இதோட விட்டுடறேன் சார். ஒரு கீரி, புள்ளைகுட்டியோட வெளியில நிக்குது. இது ஒண்ணு மட்டும் முடிச்சிடறேன்."

மரங்கொத்தி யானையின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. பிறகு கரடியின் காதருகே நகர்ந்து வந்தது.

"முடிங்க. அப்படியே திரையை எப்படி மறைக்கிறதுன்னு எனக்கும் சொல்லிக்கொடுங்க. அந்த சர்வர் தூங்காம இருக்க வழி இருக்கு. சரிபண்ணணும்னு ரொம்ப நாளா அலகு நமநமங்குது."

நீதி: அலுவலகத்தில் வேலை நடக்க வேண்டுமானால், முதலில் அதைத் தடை செய்ய வேண்டும்.