ஒரே ரகம் என்று சொல்லிவிடாதீர்கள்

பிரிப்பவர் என்றொரு ஜீவன் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கேயாவது இரண்டு பொருள் ஒன்றாகக் கிடந்தால் போதும், அவருக்குக் கை துறுதுறுக்கும். சட்டைகளை வெளுத்தவை, வெளிறியவை, வெளிறப்போகிறவை என்று தனித்தனியாக மடிப்பார். உறவினர்களை வராதவர்கள், வந்தால் போகாதவர்கள் என்று வகுப்பார். இவருக்கு அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவில் வேலையும் கிடைத்துவிட்டால் கேட்க வேண்டுமா?

நம்மவருக்குக் கிடைத்தது. பெரிய உழவாரக் குருவிகளில் ஒரு பேரினம், வால் நுனியில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது, தன்பாட்டுக்கு ஒன்றாக இருந்தது. நம்மவர் அதைத் தொண்டை வெளுத்தவை, வெளுக்காதவை என்று இரண்டாகப் பிளந்தார். எதிர் அறையில் அவர் மனைவியின் தம்பி. அவர் சேர்ப்பவர், இரண்டையும் மறுபடி ஒன்றாக்கினார். இவர் விடுவாரா? மூன்றாக்கினார். செத்துப் பஞ்சடைத்த பிறகும் அந்தப் பறவைகளுக்கு நிம்மதியில்லை, பெட்டி விட்டுப் பெட்டி மாறிக்கொண்டே இருந்தன.

ஒரு மத்தியானம் உயிருள்ள குருவி ஒன்று திறந்த ஜன்னல் வழியாக வந்து, சுவரில் மோதித் தரையில் விழுந்தது. இந்தக் குருவிகளுக்குக் கால் என்பது பேருக்குத்தான். தரையிலிருந்து எழும்புவது குதிரைக்கொம்பு. யாராவது தூக்கி உயரத்திலிருந்து விட வேண்டும். இது இருவருக்கும் தெரியும். கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். விட்டார்களா? ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டார்கள்.

"தொண்டை வெள்ளை. நான் பிரிச்ச இனம்!"

"அது சுவத்துச் சுண்ணாம்பு, அத்தான்."

குருவியின் நெஞ்சு படபடத்தது. நம்மவர் நெஞ்சும் படபடத்தது. அது வேறு வகைப் படபடப்பு.

சாப்பாட்டுடன் வந்த மனைவி வாசலிலேயே கத்தினாள்: "அது சாகப்போகுது! என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் பொறு, எந்த இனம்னு தெரிஞ்சிடட்டும்."

"செத்தா எல்லாம் ஒரே இனந்தான்!"

அவள் குருவியை அள்ளிக்கொண்டு ஜன்னலுக்குப் போய் உள்ளங்கையை விரித்தாள். அது கல்லாக விழுந்தது. மூவரும் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். பிறகு சட்டென்று சிறகை விரித்து, கூரைகளுக்கு மேலே ஏறி மறைந்தது. நம்மவருக்கு அழுகை முட்டியது. பிழைத்ததே என்று அல்ல. தொண்டையைத் துடைத்துப் பார்க்கவில்லையே என்று.

"அத்தானும் மச்சானும் ஒரே ரகம்!" என்றாள் மனைவி.

"அவனும் நானும் ஒண்ணா?" என்று துள்ளினார் நம்மவர்.

"அக்கா, அவர் வேற, நான் வேற!" என்றார், வாழ்நாளெல்லாம் இனங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தவர்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? 'நாம அந்த ரகம் இல்லப்பா' என்று மனதுக்குள் ஒரு கோடு கிழித்தீர்களே, இங்கே வரைக்கும் கேட்டது. ஜாக்கிரதை. நம்மவரும் முதலில் ஒரே ஒரு கோடுதான் கிழித்தார்.