முனை பார்த்துச் சொல்கிறவர்

குச்சி நிபுணர் என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மேளம் அடிக்க வராது. ஆனால் அடிக்கிறவன் கையிலிருக்கும் குச்சியை வாங்கி, முனையை நிரடி, முகர்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, உதட்டைப் பிதுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கோவில்பதாகை தசரதன் அதில் முதல் தரம். பூந்தமல்லியில் வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டை வேலிக்கு வெளியே நின்று ஒரு தடவை கேட்டவர். போதாதா? முனை சிறுத்து உருண்டிருந்தால் நாதம் கணீரென்று தெறிக்கும், பருத்திருந்தால் கும்மென்று கனக்கும், பூவரசங்குச்சி என்றால் நாதம் குழையும், கருங்காலி என்றால் வெட்டும் என்று ஏற்றம் இறைப்பவனை நிறுத்திச் சொன்னார். சவரக் கத்தி கழுத்தில் இருக்கும்போது சொன்னார். இழவு வீட்டிலும் சொன்னார். சொன்னதெல்லாம் உண்மை. அதுதான் தொல்லை.

மகளுக்குக் கல்யாணம் வந்தது. பேண்டு செட்டு இல்லாமல் மாப்பிள்ளை ஊர்வலம் நகராது என்று ஆவடி சம்பந்தி கறாராகச் சொல்லியிருந்தார். முனை சிறுக்கச் சிறுக்க நாதம் தெறிக்கும் என்றால், ஊசியாகவே சீவிவிட்டால்? தசரதன் கருங்காலியில் சீவியே விட்டார். ஊர்வலத்தன்று அதை டிரம்காரன் டேவிட்டிடம் நீட்டினார்.

"இன்னா நைனா இது? தோலு கிழிஞ்சிடும்."

"உனுக்கு இன்னா தெரியும்? அடி, நாதம் எப்டி கீதுன்னு பாரு!"

அடித்தான். நாதம் கணீரென்று எழும்பியது. தசரதனுக்குப் புல்லரித்தது. அடுத்த உருட்டலில் தோல் டர்ரென்று கிழிந்தது. இருந்ததே ஒரு டிரம்.

"டிரம்மு இல்லாத பேண்டுக்குப் பின்னால என் புள்ள வரமாட்டான். வண்டியத் திருப்பு!" என்றார் சம்பந்தி. தசரதன் வண்டியை மறித்து நின்றார். பந்தலில் மகள் அலங்காரத்தோடு காத்திருக்கிறாளே!

எதிர்கொண்டு அழைக்க வந்திருந்த அவர் மனைவி வடிவு, பானக அண்டாவைத் தெருவில் கவிழ்த்தாள். பித்தளைக் கரண்டிகள் இரண்டை டேவிட் கையில் திணித்தாள். "அடி தம்பி!"

அண்டா அதிர்ந்தது. தெருவே சிரித்தது. சம்பந்திக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, வண்டி நகர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே தசரதன் கூட ஓடினார்.

"வடிவு, பித்தள வெட்டுது! கொட்டாங்கச்சி அகப்பையா இருந்தா கும்முனு..."

வடிவு கையில் இன்னொரு கரண்டி மிச்சம் இருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கரண்டியா அகப்பையா என்று படித்தபோது பக்கத்துப் பலகையைத் தட்டிப் பார்த்தது யார் விரல்? நகம் பட்டால் ஒரு சத்தம், சதை பட்டால் வேறு சத்தம், இல்லையா? உங்கள் வீட்டிலும் கரண்டி இருக்கிறது, ஜாக்கிரதை.