எக்ஸ் அக்காவும் பதினெட்டு வடையும்

அல்ஜீப்ராவை எண்ணெயில் போட்டுப் பொரித்தெடுத்தவர் இந்தப் பூமியில் எங்கள் எக்ஸ் அக்கா ஒருவர்தான்.

தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நான் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் போன மாதம் வரை அவர்தான் சமையல். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அவர் குரலெடுத்தால் ரயில் நிலைய அறிவிப்பே நமக்குக் காதில் விழாது. இப்போது வந்திருக்கும் புது சமையல்காரர் சத்தமே போடுவதில்லை. விடுதி வெறிச்சென்று கிடக்கிறது.

நாற்பத்தெட்டு வயதில் அக்கா பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். பாஸானால் அரசு விடுதியில் நிரந்தர வேலை. வயநாட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. நான் படித்தது கணிதம் என்று யாரோ போட்டுக்கொடுக்க, கணக்குப் பாடம் என் தலையில் விழுந்தது.

முதல் கணக்கு, 4x = 20.

"எக்ஸுன்னா யாருட்டி?"

"தெரியாத எண், அக்கா."

"தெரியாத ஆளை எதுக்குக் கணக்குல சேக்கணும்?"

எக்ஸை வடை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தொலைத்தேன்.

"நாலு வடை எப்படிட்டி இருவது வடையாவும்? கணக்கு போட்டவன் ஹோட்டலா நடத்துகான்?"

இரண்டு நாள் கழித்து அவரே வழி கண்டுபிடித்தார். எக்ஸ் வடை இல்லை, மூடி போட்ட சட்டி. உள்ளே எத்தனை வடை என்று தெரியாது. நாலு சட்டியில் இருபது வடை என்றால், இரண்டு பக்கத்தையும் நாலால் வகு, சட்டிக்கு ஐந்து. அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று. தோசைக்குத் தட்டை நீட்டினால், "மூணு எக்ஸ் ஒம்பது. எக்ஸ் எத்தற? சொன்னாத்தான் சட்னி!" வார்டன் ஒருநாள் 'ரெண்டு' என்று சொல்லிவிட்டு வெறும் தோசையைத் தின்றார்.

தேர்வுக்கு முந்தின நாள், எக்ஸை ஆறால் வகுத்தால் மூன்று என்ற கணக்கைப் போட்டுக் காட்டினார். பெருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் ஆறால் வகுத்து, விடை அரை வடை என்று எழுதியிருந்தார்.

"சரிதானே மக்களே?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கணக்கில் கோட்டைவிட்டால் அவர் வயநாடு போகமாட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சியோடு வந்து திட்டுவதற்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

"இல்லக்கா. ஒரு சட்டி வடையை ஆறு பேர் பங்கு போட்டா ஆளுக்கு மூணு. அப்ப சட்டியில எத்தனை இருந்துச்சு?"

கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். "ஆறு பேருகிட்டயும் திரும்ப வாங்கிச் சட்டியில போடணும். அப்போ பெருக்கணும். ஆறு மூணு பதினெட்டு!" என் முதுகில் ஓர் அறை விழுந்தது. சந்தோஷத்தில்தான்.

தேர்வில் அதே மாதிரிக் கணக்கு வந்திருக்கிறது. 'சட்டி = 18' என்றே எழுதிவிட்டு வந்தார். திருத்தியவர் பசியோடு இருந்திருக்க வேண்டும், பாஸ் போட்டுவிட்டார்.

போன மாதம் அக்காவை வயநாடு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "நேரத்துக்குச் சாப்பிடுட்டி!" என்று ஜன்னல் வழியே கத்தினார். நிலையமே திரும்பிப் பார்த்தது. அன்று அந்தத் தப்பைத் திருத்தியதில் எனக்கு வருத்தமில்லை. பஸ் போன பிறகு மட்டும், திருத்தாமலே விட்டிருக்கலாமோ என்று வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.