பட்டமரத்துக் கறுப்பு மரங்கொத்தி பற்றி வனத்துறை மச்சானுக்கு

அன்பும் மரியாதையும் கலந்து மச்சானுக்கு எழுதுவது,

இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். என் சுகம் சனிக்கிழமை வரைதான். சமையலறைக்குப் பின்னால் நிற்கும் பட்டமரத்தை வெட்ட அன்றைக்கு ஆள் சொல்லிவிட்டாள். "குளியலறை மேல சாஞ்சா நீங்களா தாங்கப் போறீங்க?" என்கிறாள். அந்த மரத்தில் ஒரு மரங்கொத்தி குடியிருக்கிறது மச்சான். அதைக் காப்பாற்ற உங்கள் கையெழுத்து வேண்டும்.

பத்து நாளாக விடிந்தும் விடியாததுமாக டக் டக் என்று சத்தம். மாடியில் குடியிருக்கும் தையற்காரர்தான் ஆணி அடிக்கிறார் என்று ஏறிப் போய் ஒரு பிடி பிடித்தேன், "சார், நான் துணி தைக்கிறவன், ஆணிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கதவைச் சாத்தினார், சரி, குழாயில்தான் கோளாறு என்று பிளம்பரைக் கூப்பிட்டேன், அவர் மூன்று இடத்தில் சுவரை உடைத்து, "குழாய் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, நல்லா இருந்த குழாயை ஒழுகவிட்டுப் போனார், அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துப் பின்பக்கம் கொட்டப் போனபோதுதான் தலைக்கு மேல் டக் டக். அண்ணாந்தேன். உடம்பு முழுக்கக் கறுப்பு.

நூலகத்துப் புத்தகத்தை அலசிவிட்டேன். பொன்முதுகு மரங்கொத்தி தோப்பு, தோட்டம், தெருவோர மரம் என்று எங்கும் இருக்குமாம், அதற்கெல்லாம் உங்கள் தங்கை மசியமாட்டாள். செம்பழுப்பு மரங்கொத்தி மரத்திலுள்ள எறும்புக் கூட்டுக்குள்ளேயே முட்டையிடுமாம், நம் மரத்தில் எறும்புகூட ஏறுவதில்லை. பெரிய கறுப்பு மரங்கொத்திக்கு ஓங்கி வளர்ந்த அடர்காடு வேண்டும். நம்முடையது இதுதான். காட்டை விட்டு ஏன் வந்தது என்று கேட்காதீர்கள், மாற்றல் உத்தரவு வந்து நீங்களும் நானும் எங்கெங்கோ போய்க் குப்பை கொட்டவில்லையா? முப்பது வருடம் ரயில் சிக்னல் பார்த்தவன் நான், நிற விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. "அபூர்வப் பறவைன்னு எங்கண்ணன் எழுதிக் குடுத்தா மரம் நிக்கட்டும்" என்று அவளும் இறங்கி வந்திருக்கிறாள். நீங்கள் பார்க்காமலே எழுதி அனுப்புங்கள், நான் பார்த்தது போதும்.

சகோதரிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய தைரியசாலி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கண் டாக்டரிடம் போகவேண்டியதாயிற்று. புரை எடுத்தபின் மாட்டிவிட்டிருந்த கறுப்புக் கண்ணாடியை இன்றுதான் கழற்றச் சொன்னார். வீட்டுக்கு வந்து அண்ணாந்தால் பறவையின் முதுகு தகதகவென்று பொன்னிறம். உங்கள் தங்கையிடம் மறைக்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். மரம் வெட்டுகிறவர் ஒருநாள் முன்னதாகவே வந்து ஏணியில் ஏறி, பொந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டார். "உள்ள மூணு குஞ்சு இருக்கு. பறந்து போனதும் சொல்லி அனுப்புங்க." என்ன பறவை என்று அவர் கேட்கவேயில்லை. "அதுவரைக்கும் அந்தக் குளியலறைல நீங்களே குளிங்க" என்றாள் உங்கள் தங்கை. ஆகவே கையெழுத்து வேண்டாம் மச்சான். நேரில் வாருங்கள், என்ன இனம் என்று நானே உங்களுக்கு விளக்கமாகச் சொல்கிறேன்.