பார்வைப் பாதுகாப்புத் துணைக்குழு

மனிதனின் கண்பார்வையைக் காப்பாற்ற இதுவரை நடந்த மாபெரும் முயற்சிகளில், வாரிங்கா ஊரின் புல்தரைப் பந்துக் கழகத்தின் 'பார்வைப் பாதுகாப்புத் துணைக்குழு' எடுத்த முயற்சிக்கு ஈடு இணை கிடையாது. ஏழு வாரத்தில் ஐந்து கூட்டம். ஒன்றில்கூட தேநீர் ஆறிப்போகவில்லை.

குழு பிறக்கக் காரணமானவர் கழகத்தின் நடுவர், கிளாரி ஓட்டவே என்பவர். வயது எழுபத்தாறு. வெள்ளைக் குறிப்பந்துக்கு யார் உருட்டிய பந்து கிட்டத்தில் நிற்கிறது என்று குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். முப்பது வருஷமாக எதிர்த்துப் பேசியவர் இல்லை. அவருடைய அப்பாவுக்கும் அத்தைக்கும் வயதான காலத்தில் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டு, எதிரில் நிற்பவர் முகமே மறைந்துபோனது. அதனால் கண் டாக்டர் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்லியிருந்தார். கோடு வளைந்தால் அன்றே வர வேண்டும். சிகரெட்டை உடனே விட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை இடது கண்ணுக்குக் கோடுகள் வளைந்தன. நடுவரின் கண் தவறுமா? ஃபிரிட்ஜ்தான் சாய்ந்திருக்க வேண்டும். கிளாரி அதன் காலுக்கு அடியில் பீர் கோப்பைக்குக் கீழே வைக்கும் அட்டை இரண்டைச் செருகினார். கோடுகள் நிமிரவில்லை. மூன்றாவதையும் செருகினார்.

"கோணல் ஃபிரிட்ஜ்ல இல்ல," என்றாள் மனைவி வெர்னா. "வண்டிய எடுக்கறேன், வா."

அவர் போகவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் நடுவர் பதவி போய்விடும் என்று பயம். கழகத் தலைவர் டெஸ்மண்ட் பிரிட்டிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். டெஸ்மண்ட் ரகசியம் காக்கத் தெரிந்தவர். அதற்கென்றே தான் அமைத்த, ஏழு பேர் கொண்ட துணைக்குழுவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

மண்டபத்தில் இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடந்ததால் குழு புகைபிடிக்கும் கொட்டகையில் கூடியது. கோளாறு ரத்தத்தில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா என்று ஆழமாக ஆராய்ந்தது. சிகரெட் பேச்சை எடுத்த பொருளாளர் இருமல் வந்து பாதியில் நிறுத்திவிட்டார்.

"உங்கப்பன் குடுத்த கண்ணுய்யா அது, நீ என்ன பண்ணுவ?" என்று டெஸ்மண்ட் நெருப்பை நீட்டினார். "பத்த வை."

ஐந்தாம் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: குறை பரம்பரையைச் சேர்ந்தது, சம்பந்தப்பட்டவர்கள் காலமாகிவிட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை. கிளாரிக்கு மனசு லேசானது.

மறுநாள் காலையில் கட்டத்தின் நடுவில் கோடே இல்லை. வெர்னா அவரை வண்டியில் ஏற்றினாள். டாக்டர் கண்ணில் ஊசி போட்டார். இனி மேலும் கெடாமல் பார்க்கலாம், போனது திரும்பாது என்றார்.

"பரம்பரைதானே டாக்டர்?" என்றார் கிளாரி.

"அதுவும்தான். ஆனா அப்பாவ மாத்த முடியாது, சிகரெட்ட அணைச்சிருக்கலாம். கோடு வளைஞ்ச அன்னிக்கே வந்திருக்கலாம். ஏழு வாரம் யார கேட்டுட்டு இருந்தீங்க?"

கிளாரிக்கு அழுகை வந்தது.

துணைக்குழுவின் சேவையைப் பாராட்டிக் கழகம் ஒரு பலகை திறந்தது. நடுவில் 'முன்னாள் நடுவர் கிளாரி ஓட்டவே', சுற்றிலும் குழுவினர் ஏழு பேர், எல்லாம் பொன்னெழுத்து. கிளாரி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். தன் பெயர் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அதைச் சுற்றி நின்ற ஏழு பேர் மட்டும் தெரிந்தார்கள்.